மேகத்தில் இடம் வாங்கினேன், வீட்டில் கம்ப்யூட்டர் துருப்பிடித்தது

தொண்டியில் இருக்கும் நண்பன் கேட்டது இதுதான்: "மாப்ள, பையன் காலேஜ் சேர்றான். கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கணுமா, இல்ல நெட்லயே இடம் வாங்கிப் போட்டுக்கலாம்னு சொல்றாங்களே, அது போதுமா?" நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கம்ப்யூட்டர் ராம்நாட்டுக் கடையிலிருந்து ரிப்பேராகி வந்த சமயமாகப் பார்த்துக் கேட்டுவிட்டான். அதனால் பதில் கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடும்கூட.

நான் மண்டபத்தில் வீட்டோடு ஸ்டுடியோ வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடம் பக்கம் மாதா கோயில் திருவிழா, எல்லாம் எடுப்பேன். சில வருடங்களாக காசு கட்டி கிளவுடில், அதாவது மேகம் என்று பெயர் வைத்து நெட்டில் வாடகைக்கு விடும் இடத்தில், 2 டெராபைட் (சுமார் 2,000 ஜிபி) வைத்திருக்கிறேன். வருடச் சந்தா ஆறாயிரத்துச் சொச்சம். எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. எல்லாக் கம்பெனியிலும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான்.

கடைக்காரத் தம்பி மதர்போர்டைக் கழற்றி மேசையில் வைத்துக் காட்டினான். ரேம் சொருகும் இடத்தைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. "அண்ணே, இது மதர்போர்டா, பழைய தண்ணிக் குழாயா?" என்றான். வழக்கம்போல ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டால் ஓடிவிடும் என்று நம்பித்தான் கொண்டுபோயிருந்தேன். இந்தத் தடவை ரப்பர் வேலைக்காகவில்லை. அப்புறம் அவன் கேட்ட கேள்விதான் எனக்கு உறைத்தது: "இத தினமும் போடுறீங்களா, இல்ல சும்மா கெடக்குதா?"

சும்மாதான் கிடந்தது. முன்பெல்லாம் வேலை இல்லாத மாதத்திலும் யாராவது பழைய படம் கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். அதைத் தேடவாவது கம்ப்யூட்டரைப் போட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிய பிறகு போனிலேயே தேடி போனிலேயே அனுப்பிவிடுகிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கம்ப்யூட்டர் மூடிக் கிடக்கும். தென்கடலிலிருந்து கச்சான் காற்று உப்பை அள்ளி ஜன்னல் வழியாகப் போடுவதும் அதே மாதங்களில்தான். உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகத் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர் ராத்திரிக்கு 75 எல்லாம் ஒரு பொருட்டா? ஓடுகிற மிஷினில் உள்சூடு இருப்பதால் போர்டில் ஈரம் தங்காது. அணைத்துப் போட்டால் உப்புப் படலம் அப்படியே உட்கார்ந்து செம்பைத் தின்னும். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நிற்கும் விசைப்படகுக்குக்கூட நடுநடுவே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு வழக்கம் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆக, கிளவுட் என் கம்ப்யூட்டரின் இடத்தைப் பிடித்ததா என்று கேட்டால், பிடிக்கவில்லை. வேலை இல்லாமல் உட்கார வைத்துக் கெடுத்துவிட்டது. "கம்ப்யூட்டரே தேவையில்லை" என்று எழுதுகிறவர்கள் யாரும் கடலோரத்தில் குடியிருப்பதாகத் தெரியவில்லை.

இந்த ஆருடம் ஒன்றும் புதிதல்ல. "வலையமைப்புதான் கம்ப்யூட்டர்" என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் 1984-லேயே சொல்லிவிட்டார்கள். 2011-இல் பெரும்பாலும் நெட்டை நம்பியே ஓடும் குரோம்புக் லேப்டாப் வந்தது. 2025-இல் ஜியோ, டிவியோடு இணைக்கும் செட்-டாப் பாக்ஸ் வழியாகவே கம்ப்யூட்டரை வாடகைக்குத் தரும் ஜியோபிசியைக் கொண்டுவந்தது. கடிதம் தட்ட, கணக்குப் போட, பாடம் பார்க்க அதுவே போதுமாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

கிளவுடைத் திட்டுவதற்கு முன் அதனால் எனக்குக் கிடைத்த நன்மையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். யாரோ இறந்திருப்பார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல படம் வேண்டும். வீட்டில் இருப்பது ஆதார் படம், அது யாருக்கும் பிடிக்காது. ஒருமுறை பாம்பனிலிருந்து அப்படி ஒரு அழைப்பு. நான் ராமேஸ்வரத்தில் டீக்கடையில் நின்றிருந்தேன். அவர் பல வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம். போனில் முகத்தை வைத்துத் தேடினேன். வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றார். டீ ஆறுவதற்குள் படம் போஸ்டர் கடைக்குப் போய்விட்டது. வீட்டு ஹார்டு டிஸ்க்கில் இருந்திருந்தால் பாலம் தாண்டி மண்டபம் வந்து, எந்த வருடம், எந்த ஃபோல்டர் என்று விடியும்வரை தேடியிருப்பேன். அந்த ஒரு ராத்திரிக்கே பல வருடச் சந்தா கட்டலாம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் காகிதத்தைக் கடல் கொண்டுபோவது என்பது வெறும் பேச்சில்லை. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பத்திரம், சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் சேர்ந்தே போயின என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2015-இல் சான்றிதழ்களை நெட்டில் வைத்துக்கொள்ள அரசாங்கத்தின் டிஜிலாக்கர் வந்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மார்க் ஷீட்டும் லைசென்சும் அதில் இருந்தால் பீரோ நனைந்தாலும் கவலையில்லை. தொண்டிக்காரனுக்கு முதல் வேலை, பையன் பெயரில் அதைத் திறந்து வைப்பது. காசும் கிடையாது.

சரி, இப்போது திட்டு.

என் எரிச்சல் எல்லாம் ஒரு சின்னப் படத்தின் மேல்தான். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் குட்டி மேகம். கிளவுடைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் எல்லா ஃபோல்டரும் நம்முடைய டிஸ்க்கிலேயே இருப்பது போலத் தெரியும். பெயர் இருக்கும், தேதி இருக்கும், எத்தனை எம்பி என்றுகூட எழுதியிருக்கும். மேகம் போட்டிருந்தால் மட்டும் ஃபைல் அங்கே இல்லை என்று அர்த்தம். நாம் தொட்டால்தான் நெட்டிலிருந்து இறங்கும். டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்க நல்ல ஏற்பாடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்லாத ஒன்றை இருப்பது போல அடுக்கிக் காட்டுவானேன்? "இங்கே இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டால் என்ன?

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்று மழையாகக் கொட்டியதே, அப்போதுதான் இது முழுசாகப் புரிந்தது. கரண்ட் இல்லை. என்னிடம் யுபிஎஸ் இருந்தது, கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால் தெருமுனையில் இருக்கும் நெட் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமே. 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கும் கமுதி எங்கள் மாவட்டம்தான். இருந்து என்ன, காற்று அடித்தால் முதலில் இருட்டாவது எங்கள் தெரு. அந்த நேரம் பார்த்து உச்சிப்புளியிலிருந்து ஒரு அக்கா நனைந்தபடி வந்தார். அவர் மாமியார் படம் வேண்டும், ஃப்ளெக்ஸ் போட வேண்டும். ஃபோல்டரைத் திறந்தால் எல்லாப் படமும் வரிசையாக, தபால்தலை அளவில் தெரிகின்றன. அந்த அம்மாவும் தெரிகிறார். தொட்டால் வட்டம் சுற்றுகிறது. "அதான் தெரியுதே தம்பி, எடுத்துக் குடுங்க" என்கிறார் அக்கா. தெரிகிற படம் இங்கே இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது? தபால்தலையை ஆறடிக்கு இழுத்தால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும். கடைசியில் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பிரேமைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மேகத்தைப் போக்க வழி இல்லாமல் இல்லை. வலது பக்கம் கிளிக் செய்து, "எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரில் வை" என்பது போல வரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல் நிஜமாகவே இறங்கி உட்கார்ந்துவிடும். ஆனால் அப்படி எல்லாவற்றையும் இறக்கி வைக்க மறுபடி 2 டெராபைட் டிஸ்க் வேண்டும். ஒரு வருடச் சந்தாவுக்கு ஏறக்குறைய அப்படி ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கே வாங்கிவிடலாம். அப்புறம் எதற்கு வாடகை என்று மனைவி கேட்டாள். பதில் சொல்ல அன்றைக்கு என்னால் முடியவில்லை.

ஏற்றுவது இன்னொரு கூத்து. நெட்காரர்கள் விளம்பரத்தில் போடுவது இறங்கும் வேகம். எனக்கு வேண்டியது ஏறும் வேகம். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரம் 45 ஜிபி ஆகும். ஏறும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் அந்த ஒரு மணி நேரத்தை ஏற்றப் பத்து மணி நேரம். போன் நெட்டில், தினமும் 2 ஜிபி பேக்கில் ஏற்றுவதாக இருந்தால் மூன்று வாரத்துக்கு மேல். அதற்குள் கல்யாணப் பொண்ணு மறுவீடு முடித்து துபாய்க்கே போய்ச் சேர்ந்திருக்கும். வீடியோ எடிட்டிங் முழுவதையும் கிளவுடிலேயே செய்யலாம் என்று ஒருத்தர் எனக்கு வகுப்பு எடுத்தார். நல்ல மனிதர், கோயம்புத்தூரில் இருக்கிறார்.

கீழக்கரைப் பக்கம் கல்யாணம் எடுக்கப் போனால் இன்னொரு பேச்சு வரும். பெண்கள் பக்கம் படம் எடுப்பது என் தங்கச்சி. கேமராவைத் திறப்பதற்கு முன்பே வீட்டு லாத்தா அவளிடம் சொல்லிவிடுவார்: "நெட்ல மட்டும் ஏத்திராதம்மா." அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? கிளவுட் கம்பெனிக்காரர்கள் படத்தைத் தங்கள் சர்வரில் பூட்டித்தான் வைக்கிறார்கள், பெரும்பாலும் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. அந்த வீட்டுப் படங்கள் என் மேசைக்குக் கீழே இருக்கும் டிஸ்க்கில்தான் இருக்கும், ஆல்பம் கொடுத்ததும் அழிக்கப்படும். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் அந்த வேலையே எனக்கு இல்லை.

இலவசத்தை நம்பியும் இருக்க முடியாது. கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் சும்மா ஏற்றலாம் என்றார்கள். 2021 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து புதிதாக ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்குக்குள் வந்துவிட்டது. இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று பிறகு விதியும் மாறியது. சவூதிக்குப் போய் நம்பரை மாற்றிக்கொண்டு பழைய மெயிலை மறந்துபோகிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது, வேறு இடத்தில் நகல் வைக்காதவர்களுக்கு எல்லாம் போனது. அங்கே தீ, இங்கே உப்பு.

இனி தொண்டிக்காரனுக்கு. உன் பையன் என்ன படிக்கப் போகிறான் என்று நீ சொல்லவே இல்லை. பி.காம் என்றால் நல்ல நெட்டும் சுமாரான லேப்டாப்பும் போதும், 100 ஜிபி இடம் தாராளம். படம், வீடியோ, டிசைன், இன்ஜினியரிங் என்றால் கம்ப்யூட்டரை வாங்கு, கிளவுடை அப்புறம் பார்க்கலாம். எதுவாக இருந்தாலும் முக்கியமானது இரண்டு இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று கடலிலிருந்து தள்ளி இருக்கட்டும். இதுவரை எழுதியதைப் படித்தால் நான் கிளவுடுக்கு எதிர்க்கட்சி என்றுதான் நினைப்பாய். டீக்கடை ராத்திரியை நினைத்தால் அப்படி இல்லை. ஆனால் என் கம்ப்யூட்டரைத் துருப்பிடிக்க வைத்த கோபத்தில் சொல்கிறேன், முதல் காசு கம்ப்யூட்டருக்குத்தான்.

நானும் புதிதாக ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சந்தாவையும் புதுப்பிக்கத்தான் போகிறேன், திட்டிக்கொண்டே. கடைக்காரத் தம்பி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: தினமும் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும், தென்கடல் பக்க ஜன்னலை விட்டு உள் சுவரோரம் வைக்க வேண்டும். உள் சுவரோரம் இப்போது தையல் மிஷின் இருக்கிறது. அதை நகர்த்தச் சம்மதம் வாங்குவதுதான் இந்த வாரத்து வேலை.