தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: சுவரைப் படிக்கத் தெரிந்தால் அரை நாள் போதாது

பிரான்சின் இடைக்காலக் கோட்டைகளைப் படத்தில் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம்தான். அங்கே வில்லுக்கும் ஏணிக்கும் பயந்து கோபுரத்தை உயர்த்தினார்கள். பீரங்கி வந்த பிறகு உயரமே பலவீனம். சுவர் குட்டையாகி, பருத்தது. டான்ஸ்போர்க் என்ற இந்த டேனிஷ் கோட்டை இரண்டாவது ரகம். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவே யெட்டே கட்டத் தொடங்கியது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

கடலைப் பார்த்த பிரதான கட்டடத்தில் கீழே வளைவுக் கூரை போட்ட கிடங்கு, மேலே கவர்னர் குடியிருப்பு. முதலில் கீழ்த்தளத்துக்குப் போங்கள். செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி வளைத்த விதம் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

பூச்சையும் கவனியுங்கள். கடலோரச் செங்கல் உப்பு ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு படிகமாகிச் செங்கல்லை மாவாக உதிர்க்கும். பழைய வீடு வைத்திருக்கும் டெல்டாக்காரர்கள் இதற்காகவே ஒருமுறை வரலாம்.

மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். காலையிலேயே போய்விடுங்கள், மதில் மேல் நிழலே கிடையாது. வடக்கே கடலரிப்பில் பாதி போன மாசிலாமணிநாதர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அது கோட்டைக்கு முந்நூறு வருஷம் மூத்தது.