கோட்டுப் பதிலா, வீட்டுப் பதிலா?

அக்கா மகள் வழக்கறிஞர் தகுதிக்கான சி.எல்.பி. தேர்வை ஒருவழியாகத் தாண்டிவிட்டாள். இப்போது சேம்பரிங்குக்கு, அதாவது மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற, இடம் தேடுகிறாள். கோலாலம்பூரில் (கே.எல்.) ஒரு பெரிய சட்ட நிறுவனம், பினாங்கில் ஒரு சின்ன நிறுவனம், இரண்டுக்கும் விண்ணப்பிக்கப் போகிறாள். பெரிய நிறுவனத்தின் படிவத்தில் நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில் எழுதி, போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "சித்தி, எது நல்லா இருக்கு? சித்தியா சொல்லாதீங்க, லோயரா சொல்லுங்க."

சரி, லோயராகவே சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வரும் சேம்பரிங் விண்ணப்பங்களை முதலில் படிப்பது நான்தான். அவளுடைய இரண்டு பதில்களில் ஒன்று கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. மற்றது வீட்டில் இருந்தபடி பேசியது. கோட்டுப் பதில், வீட்டுப் பதில் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுத்தேன்: இதைப் படித்ததும் நேர்காணலில் நான் கேட்கப்போகும் அடுத்த கேள்வி எது, அதற்கு இவளிடம் பதில் இருக்குமா?

முதல் கேள்வி, எல்லாரும் கேட்பது. ஏன் எங்கள் நிறுவனம்?

கோட்டுப் பதிலில் 'முன்னணி', 'பல்துறை', 'சிறந்த வழிகாட்டுதல்' எல்லாம் வரிசையாக நின்றன. நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு எதிர்க்கட்டடத்து நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் ஒரு வார்த்தை மாற வேண்டியதில்லை. வீட்டுப் பதில் தாத்தாவில் தொடங்கியது. எஸ்டேட் துண்டாடப்பட்டபோது லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், வாதாட ஆளில்லை, அன்றே இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்று பாட்டி சொன்னார். உண்மைதான், என் அப்பாவின் கதையும் அதுவே. ஆனால் படிவத்தைப் படிப்பவர் கேட்பார்: "அதற்கும் எங்கள் கம்பெனிச் சட்டப் பிரிவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" பாட்டியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வியில் இரண்டுமே தோற்றன. மூன்றாவதாக ஒன்று எழுதச் சொன்னேன். தீர்ப்புகள் நீதித்துறையின் இணையத்தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த நிறுவனம் யாருக்காக ஆஜரானது என்பதும் அதில் இருக்கும். அந்த நிறுவனம் வாதாடிய வழக்கு ஒன்றை எடுத்து, முழுதாகப் படித்து, அதில் தனக்குப் பிடிபட்ட ஒரு வாதத்தைப் பற்றி நான்கு வரி எழுதட்டும். தோற்ற வழக்காக இருந்தால் இன்னும் நல்லது என்பது என் கட்சி. துணிச்சல் கொஞ்சம் தெரியும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்த கதை வேறு. நான் சேம்பரிங்குக்கு அலைந்த காலத்தில், நடுவர் தீர்ப்புமுறையில் (ஆர்பிட்ரேஷன்) மிகுந்த ஆர்வம் என்று ஒரு படிவத்தில் எழுதிவைத்தேன். நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி: "கே.எல்.-இல் அதற்கான மையம் எங்கே இருக்கிறது?" பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சுலைமான் கட்டடம். அதைத் தாண்டித்தான் அன்று நேர்காணலுக்கே வந்திருந்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. கோட்டுப் பதிலின் விலை அன்றே எனக்குப் புரிந்தது.

இரண்டாவது கேள்வி: நீங்கள் அண்மையில் கவனித்த ஒரு சட்ட மாற்றம். இங்கே கோட்டுப் பதில் மோசமில்லை. கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதைப் பற்றிச் சுத்தமாக எழுதியிருந்தாள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் எழுதும், இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கை விட்டுவிட்டதே எனக்கு ஆறுதல். அது சின்ன வழக்கு என்பதால் சொல்லவில்லை. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை மதம் மாற்ற முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் சொன்னது எத்தனை வீட்டுக்கு முக்கியம் என்று தெரியும். ஆனால் எல்லாரும் ஒரே பத்தியைத்தான் எழுதுகிறார்கள்.

வீட்டுப் பதிலில் மாமாவின் அச்சகம் வந்தது. வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தபோது வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது. பிரசவ விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியது. இது எல்லாரும் எழுதுவது. இவள் எழுதியது, அந்த மூன்று மணி நேரம் அச்சகத்தில் எங்கே போனது என்பதை. ஆறு நாள், தினம் எட்டு மணி என்றிருந்த அட்டவணையில் மாமா சனிக்கிழமையை மட்டும் வெட்டினார். நான்கு மணிக்கு முடிந்த ஷிப்ட் ஒரு மணிக்கு முடிந்தது. ஆனால் கல்யாணப் பத்திரிகை வேலை குவிவதே சனிக்கிழமை மத்தியானம்தான். ஆகவே அதே ஆள்கள் அதே மூன்று மணி நேரம் நின்றார்கள், இப்போது ஓவர்டைம் கணக்கில். அந்தக் கணக்கை மாமாவுக்குப் போட்டுக் கொடுத்தது இவள்.

இதைப் படித்தவுடன் எனக்கு ஐந்தாறு கேள்வி தோன்றியது. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருக்கும் என்பதும் தெரிந்தது. சட்டம் ஒரு கடைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறாள். கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டுப் பதிலுக்கே என் ஓட்டு.

மூன்றாவது, பலவீனம். கோட்டுப் பதில்: எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்ய நினைப்பதுதான் என் குறை. தயவுசெய்து வேண்டாம். வீட்டுப் பதில்: மலாய் பேச வரும், சட்ட மலாயில் எழுதத் தடுமாறுவேன். நேர்மைதான், ஆனால் அப்படியே விட்டால் ஆபத்து. தீபகற்ப மலேசியாவில் நீதிமன்ற ஆவணங்கள் தேசிய மொழியான மலாயில்தான் போகவேண்டும். ஆங்கிலம் வேண்டுமானால் மொழிபெயர்ப்பாகக் கூடவே போகலாம். அதனால் தடுமாற்றத்தைச் சொன்ன கையோடு, அதற்கு இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதையும் சொல்லவேண்டும். வாரம் ஒரு மலாய்த் தீர்ப்பு படிக்கிறாளாம். அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது பெரிய விஷயமா சித்தி?"

நான்காவதில்தான் நானும் என் சீனியரும் மோதினோம். நீங்கள் பொறுப்பெடுத்துச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள் என்பது கேள்வி. கோட்டுப் பதிலில் பல்கலைக்கழக மாதிரி நீதிமன்றப் போட்டி, அணித் தலைவி, அரையிறுதி. வீட்டுப் பதிலில் பக்கத்து வீட்டு ஆன்டியின் வாடகை முன்பணம். வீட்டுக்காரர் 1,400 ரிங்கிட்டைத் திருப்பித் தரவில்லை. 5,000 ரிங்கிட் வரையிலான சிறு வழக்குகளை மேஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198-ஆம் படிவத்தை நிரப்பி வழக்குத் தொடுப்பவரே நடத்தலாம். அவருக்காக வழக்கறிஞர் ஆஜராக முடியாது. ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஆன்டியோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பியிருக்கிறாள். விசாரணைக்கு முன்பே பணம் வந்துவிட்டது.

சீனியருக்குப் பெயர் குறிப்பிடாமல் இரண்டையும் காட்டினேன். அவர் மாதிரி நீதிமன்றத்தைத்தான் எடுத்தார். நின்று பேசிப் பழகியவள், எனக்கு அதுதான் வேண்டும் என்றார். மறுக்க முடியாது. சேம்பரிங் மொத்தமே ஒன்பது மாதம். மூன்று மாதம் முடிந்ததும் ஷார்ட் கால் என்ற தற்காலிக ஆஜர் அனுமதியை வாங்கினால், சின்னச் சின்ன விஷயங்களுக்கு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வாயடைத்து நின்றால் திட்டு வாங்குவது பயிற்சி தரும் வழக்கறிஞரான பியூப்பில் மாஸ்டர். ஆனாலும் நான் ஆன்டி பக்கம்தான். மாதிரி நீதிமன்றத்தில் தோற்றால் யாருக்கும் 1,400 ரிங்கிட் போவதில்லை. ஒன்றை மட்டும் அவளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்: "ஆன்டியிடம் காசு எதுவும் வாங்கவில்லையே?" வழக்கறிஞர் அல்லாதவர் கூலிக்கு இந்த வேலையைச் செய்வது குற்றம். நேர்காணலில் யாராவது சிரித்துக்கொண்டே இதைத்தான் கேட்பார்கள். "மீ கோரெங் வாங்கிக் கொடுத்தாங்க," என்றாள். அது பரவாயில்லை.

ஒரு விஷயத்தை அப்புறம்தான் ஒப்புக்கொண்டாள். கோட்டுப் பதில்கள் சாட்ஜிபிடி எழுதியவை. எனக்கு ஆச்சரியமில்லை, இந்த வருடம் எங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் அதே கோட்டைப் பலர் போட்டிருந்தார்கள். இலக்கணம் பார்க்க அதைக் கேட்கட்டும், தப்பில்லை. மாமாவின் சனிக்கிழமை அதற்கு எப்படித் தெரியும்?

பினாங்கு நிறுவனத்தின் கதை வேறு. அங்கே படிவமே கிடையாது. கடிதம் ஒன்று அனுப்பு, மற்றதை நேரில் வந்து பேசு என்று சொல்லிவிட்டார்கள். கே.எல். படிவத்தில் ஒரு பதிலுக்கு 200 வார்த்தை. அதற்குள் ஆன்டி, ரசீது, 198 எல்லாவற்றையும் அடைக்கத்தான் கொஞ்சம் கோட்டுத் துணி வேண்டும்: முதல் வரியிலேயே என்ன செய்தாள், கடைசி வரியில் என்ன ஆனது. பினாங்கில் எதிரே உட்கார்ந்து கோப்பி குடித்தபடி கேட்பார்கள். அங்கே கதையை அதன் போக்கில் சொல்லலாம். ஆனால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "ஒன்பது மாதம் முடிந்ததும் கே.எல்.-க்கு ஓடிவிடுவாயா?" இதற்கு அவளிடம் கோட்டும் இல்லை, வீடும் இல்லை. "தெரியலை சித்தி," என்றாள். அதையே சொல் என்றேன். அப்புறம் அவர்கள் கேட்கும் முதல் 'ஏன்'-க்கு மட்டும் பதில் யோசித்துவைக்கச் சொன்னேன்.

படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். முதல் கேள்விக்கான தீர்ப்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.