மகனுக்கு எந்தப் பற்பசை? நான்கு டியூப்களை வைத்து ஓர் அலசல்

மகனுக்கு ஏழு வயது. அவன் மேல்பற்களை டிஷ்யூவால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தபோது ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெள்ளையாக இருந்தது. ஈரமாக இருந்தவரை தெரியவே இல்லை. சொத்தை இப்படித்தான் தொடங்குகிறது. சர்க்கரை கிடைத்ததும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் அமிலத்தை உண்டாக்கும். பல்லின் மேல் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 5.5க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேலோடான எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். நல்லவேளை, குழி விழவில்லை என்றார் பல் மருத்துவர். குழி விழும்வரை இதைத் திருப்ப முடியும். எதை வைத்துத் திருப்புவது என்பதுதான் என் கேள்வி.

முதலில் சாதாரண ஃபுளோரைடு பற்பசை. "குழாய்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கே, பிறகு எதுக்கு?" என்று அம்மா கேட்டார். உண்மைதான், சிங்கப்பூரில் 1950களிலிருந்தே சேர்க்கிறார்கள். ஆனால் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பற்பசையிலோ 1,000 முதல் 1,500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. கரைந்துபோன கனிமம் பல்லில் மறுபடி படிய அது உதவுகிறது, படிந்தது அடுத்த அமிலத்தையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பல பத்தாண்டு ஆய்வுகள் இதன் பின்னால் நிற்கின்றன. விலையும் குறைவு.

அடுத்தது நானோ ஹைட்ராக்ஸிஅபடைட். பல்லே ஆனது இந்தக் கனிமத்தால்தான். ஜப்பான் 1993லேயே இதைச் சொத்தைத் தடுப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. போலந்தில் பெரியவர்களிடம் 18 மாதம் நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனையில், ஃபுளோரைடுக்கு இது சளைக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வாளர்களில் சிலர் பற்பசை நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். நம்பிக்கை தரும் பொருள்தான். இருந்தாலும் ஃபுளோரைடைத் தூக்கிப்போட்டுவிட்டு இதை மட்டும் என் மகனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: கண்ணாடித் தூள்! 1969இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய பயோகிளாஸ், முதலில் எலும்புக்கானது. நோவாமின் என்ற பெயரில் பற்பசைக்கு வந்தது. எச்சில் பட்டதும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் விட்டுக்கொடுத்து, பல்லின் மேல் பல்லின் கனிமத்தைப் போன்ற அபடைட் படலமாகப் படிகிறது. தண்ணீர் பட்டாலே வினை தொடங்கிவிடும் என்பதால் பசையில் தண்ணீரே சேர்ப்பதில்லை. டியூபின் பின்புறம் பாருங்கள்: கிளிசரின், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிக்கேட் என்று இருக்கும். ஒரே பெயரில் விற்கும் பசையிலும் நாட்டுக்கு நாடு கலவை மாறுவதால் முன்பக்க விளம்பரத்தை நம்பாதீர்கள். பற்கூச்சத்துக்கு இது நன்றாகக் கேட்கிறது. சொத்தையைத் தடுக்கும் என்பதற்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை.

கடைசியாகப் பால் புரதக் கிரீம், சிபிபி-ஏசிபி. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழுவின் கண்டுபிடிப்பு. பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்தின் துண்டுகள் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சுமந்துவந்து பல் அழுக்கில் ஒட்டிக்கொள்ளும். இது பல் துலக்க அல்ல. துலக்கியபின் விரலால் தடவி விட்டுவிட வேண்டும். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. என் தங்கை மகளுக்கு அந்த ஒவ்வாமை இருப்பதால் அவர்கள் வீட்டுக்கு இது ஆகாது.

எங்கள் வீட்டில் மகனுக்கு 1,450 பிபிஎம் ஃபுளோரைடு பசை, பட்டாணி அளவு, காலையும் இரவும். துப்பச் சொல்வேன், வாய் கொப்பளிக்க விடமாட்டேன். மருத்துவர் சொன்னபடி இரவில் மட்டும் கிரீம். அம்மா கதை வேறு. ரத்த அழுத்த மாத்திரையால் வாய் உலர்கிறது. ஈறும் இறங்கி வேர் தெரிகிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் துடித்துப்போவார். அவருக்கு ஃபுளோரைடும் சேர்ந்த நோவாமின் பசை வாங்கினேன். கூச்சம் குறைந்துவிட்டது.

இவற்றில் எதுவும் கிருமிகளைத் துடைத்தெறிவதில்லை; அவை செய்யும் சேதத்தைச் சரிசெய்கின்றன, அவ்வளவே. கோப்பிக்கடையில் கெட்டிப்பால் கோப்பியை இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வாயாக உறிஞ்சினால் எச்சில் அமிலத்தைத் தணிக்க இடைவெளியே கிடைக்காது. அம்மா இப்போது கோப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பக்கத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொள்கிறார்.