நெல், கரும்பு, சோற்றுக்கற்றாழை: கோடை வெயிலுக்கு எந்த வழி ஏற்றது?

பச்சையம் ஒளியைப் பிடிப்பதும், அந்த ஆற்றலால் தண்ணீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுவதும் இந்த மூன்று செடிகளிலும் ஒன்றுதான். காற்றிலுள்ள கரியமில வாயுவை எந்த நேரத்தில், இலையின் எந்த இடத்தில் பிடிக்கின்றன என்பதில்தான் வழி பிரிகிறது.

நெல்லின் வழி பழையது. கோதுமை, பருத்தி, நிலக்கடலை, உளுந்து, பெரும்பாலான மரங்கள் எல்லாம் இதே கட்சி. ரூபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவை நேரடியாகப் பிடிக்கிறது. முதலில் உருவாகும் சேர்மத்தில் மூன்று கார்பன் இருப்பதால் இதை சி3 என்கிறார்கள். இந்த வழியில் நடக்கும் வேதிவினைச் சுழற்சியைத் துலக்கியதற்காக மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. ரூபிஸ்கோவிடம் ஒரு பெரிய கோளாறு உண்டு. அது ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்ய, ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பகுதியைச் செடி இழக்கிறது. ஒளிச்சுவாசம் எனப்படும் இந்த இழப்பு வெப்பம் ஏற ஏறக் கூடும். வறட்சியில் இலைத்துளை மூடினால் இன்னும் மோசம்: உள்ளே கரியமில வாயு குறைந்து ஆக்சிஜன் மிஞ்சிவிடும்.

கரும்பு இதற்கு அருமையான தீர்வு வைத்திருக்கிறது. மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை ஆகியவையும் அப்படியே. 1960களில் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பு இலையை ஆராய்ந்து இதை விளக்கினார்கள். இங்கே முதலில் வேலை செய்வது ஆக்சிஜனைத் தொடாத வேறொரு நொதி. அது நான்கு கார்பன் அமிலம் ஒன்றை உண்டாக்குகிறது. சி4 என்ற பெயர் அதனால்தான். அந்த அமிலம் நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குப் போய் அங்கே கரியமில வாயுவை விடுவிக்கிறது. ரூபிஸ்கோ இருப்பது அந்த உறைக்குள். சுற்றிலும் கரியமில வாயு நிறைந்திருப்பதால் ஆக்சிஜனைப் பிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இது இலவசமில்லை: ஒவ்வொரு கரியமில வாயு மூலக்கூறுக்கும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. இரண்டு கூடுதலாகச் செலவாகும். குளிரிலும் நிழலிலும் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. சுள்ளென்ற வெயிலில் வட்டியோடு திரும்பி வரும்.

சோற்றுக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி போன்றவை பகலில் இலைத்துளையை மூடிவைத்து இரவில் திறக்கின்றன. இரவில் பிடித்த வாயு மாலிக் அமிலமாகச் சேர்ந்திருந்து, பகலில் ரூபிஸ்கோவுக்குப் போகும். ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் உச்சிவேளையில் சுவையற்றுப் போவதையும், இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் 1815இலேயே எழுதிவைத்தார். இந்தச் செடிகள் இரவில் ஆக்சிஜன் தருவதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். ஒளியில்லாமல் தண்ணீர் பிளக்காது. இரவில் நடப்பது கரியமில வாயுவை உள்ளிழுப்பது மட்டுமே.

தண்ணீர்க் கணக்கில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு கிராம் கரியமில வாயுவைச் சேர்க்க சி3 செடி சுமார் 400 முதல் 500 கிராம் தண்ணீரை ஆவியாக இழக்கிறது. சி4க்கு 250 முதல் 300. கற்றாழை வகைக்கு 50 முதல் 100. ஆனால் இரவில் சேர்க்கும் அமிலத்துக்கு அளவு உண்டு என்பதால் கற்றாழை வகை பெரும்பாலும் மெதுவாகவே வளரும்.

மானாவாரி நிலத்துக்கு என் தேர்வு தயக்கமில்லாமல் சி4 தான். கம்பும் சோளமும் அங்கே நிற்பது வெறும் பழக்கத்தால் அல்ல. நெல் வயலில் குதிரைவாலி இனக் களைகளும் கோரையும் பயிரை மிஞ்சி வளர்வதற்கும் இதே சி4 ஒரு காரணம். நெல்லையே சி4 ஆக்க பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உட்படப் பல ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன. நொதிகளை மாற்றினால் மட்டும் போதாது, இலையின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும் என்பதால் வேலை நீள்கிறது. ஆனாலும் இயற்கையில் சி4 வழி 60க்கும் மேற்பட்ட முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அதனால் இது நடக்கும் என்றே நம்புகிறேன்.