மிளகாய்த் தூளுக்கு நடுவே ஒரு டேப்லெட்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்குத் தெற்கே மொபெனியில் ஒரு மசாலா ஆலையில் கணினி, நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. இங்கே டேப்லெட்டுக்கு முதல் எதிரி தண்ணீர் இல்லை, மிளகாய்த் தூள். அடுத்தது டிசம்பர் கோடைப் புழுக்கம். இதையெல்லாம் பார்த்துத்தான் சாம்சங் கேலக்ஸி டேப் ஆக்டிவ்5 எடுத்தோம். 2024 ஜனவரியில் வந்த 8 அங்குல மாடல்.

விற்பவர்கள் ஐபி68 என்ற தூசி, நீர் தாங்கும் தரக்குறியீட்டையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதில் 6 தூசிக்கு, 8 நீரில் மூழ்குவதற்கு. அழுத்தத்தோடு பீய்ச்சியடிக்கும் வெந்நீருக்கு ஐபி69 வேண்டும். அதனால் இயந்திரங்களைக் கழுவும் நேரத்தில் டேப்லெட் அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் இதில் காசுக்கு மதிப்பானது பின்மூடிதான். திறந்து 5,050 எம்ஏஎச் பேட்டரியைக் கையாலேயே மாற்றலாம். முன்பு சுவரில் மாட்டியிருந்த டேப்லெட்டுகள் வீட்டில் வைத்துப் படம் பார்க்கிற ரகம். இரவு பகலாகச் சார்ஜரிலேயே கிடந்தன. முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி உப்பும். திரையே மேலே எழும்பி வந்துவிட்டது. ஆக்டிவ்5-ஐ பேட்டரியைக் கழற்றிவிட்டு நேராக மின்சாரத்திலேயே ஓட்டலாம். ஆனால் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் அணைந்துவிடும். லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) 2023 அளவுக்கு இப்போது இல்லைதான், இருந்தாலும் சின்ன யுபிஎஸ் கட்டாயம். வைஃபை கருவியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். நெட் இல்லாமல் டேப்லெட் மட்டும் விழித்திருந்து யாருக்கு என்ன லாபம்?

பாக்கிங் பகுதி ஆன்ட்டிகளுக்குப் பிடித்தது கூடவே வரும் பேனா. கையுறையோடும் திரை வேலை செய்கிறது, ஆனால் விரலில் மஞ்சள் இருந்தால் பேனாவே மேல். சார்ஜ் ஓட்டையில் தூள் அடைவதால், கையில் எடுத்துப் போகிறவற்றை வெளியே தெரியும் தொடுமுனைகள் வழியாக ஸ்டாண்டில் வைத்தே சார்ஜ் செய்கிறோம். கியாஸ்க் முறையில் ஒரே செயலியைப் பூட்டி வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இரவு ஷிப்டில் சாக்கர் (கால்பந்து) ஆட்டம்தான் ஓடும்.

பராமரிப்புப் பிரிவில் இயந்திர வரைபடம் பார்க்க 8 அங்குலம் போதாது. அதற்கு 10.1 அங்குல ஆக்டிவ்4 ப்ரோ சரி. கிடங்கில் நாள் முழுக்க பார்கோடு அடிப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். கேமராவைக் காட்டிக் காட்டி மணிக்கட்டு வலிக்கும். அவர்களுக்குத் துப்பாக்கிப் பிடி வைத்த ஸ்கேனரையே வாங்கிக் கொடுங்கள்.