கன்னி நாய்க்கு ஒரு தோல் பட்டை

தென் தமிழ்நாட்டு வேட்டை இனமான கன்னி நாயை வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். அதன் தலை கழுத்தைவிடக் குறுகல். கடைகளில் தொங்கும் நைலான் பட்டைகளோ லாப்ரடார் போன்ற பெருந்தலை நாய்களுக்காகத் தைத்தவை. இரண்டடி பின்வாங்கித் தலையைத் தாழ்த்தினால் பட்டை நம் கையில், நாய் உளுந்தங்காட்டில். சரி என்று இறுக்கிப் போட்டால், மெல்லிய தோல், குட்டை மயிர். சீக்கிரமே கழுத்தைச் சுற்றி வழுக்கை விழுந்துவிடுகிறது.

கோவில்பட்டியில் மாட்டுச் சலங்கையும் மூக்கணாங்கயிறும் விற்கும் ஒரு சிறு கடையில் சொல்லித் தைத்து வாங்கினேன். இரண்டு அங்குல அகலம், உள்ளே மெத்தென்ற ஆட்டுத்தோல், 450 ரூபாய். தொண்டைப் பக்கம் அகன்று, பக்கிளை நோக்கி ஒடுங்கி வருகிறது. அளவெடுத்தபோது கடைக்காரர் நாடாவைக் கழுத்தின் நடுவில் வைக்கவில்லை. காதுக்குச் சற்றுக் கீழே, கழுத்து ஒடுங்கும் இடத்தில் வைத்தார். அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

அகலம் ஆடம்பரம் அல்ல. கன்னி மோப்பம் பிடித்து மெதுவாகப் போகிற நாய் இல்லை; கண்ணில் பட்டதும் நின்ற இடத்திலிருந்தே பாய்கிற நாய். கயிறு தீரும் இடத்தில் அத்தனை வேகமும் கழுத்தில்தான் விழும். மெல்லிய வார் என்றால் தொண்டையை நெரித்துவிடும். முயல் வேட்டைக்கென்றே கரிசல் காட்டில் வளர்த்த இனம் இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைப் பிடிப்பது குற்றம் என்று அதனிடம் யார் சொல்வது? கம்பந்தட்டைக்குள் இரண்டு காது அசைந்தால் போதும். வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கயிற்றைப் பிடித்தவர்தான்.

குறை, கயிறு மாட்டும் வளையம். முலாம் பூசிய இரும்பு. ஐப்பசி மழையிலேயே துருவேறிவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால், "பித்தளை வேணும்னு முதல்லயே சொல்லக்கூடாதா அண்ணாச்சி?" என்று என்னையே கேட்கிறார்! மாற்றித் தர 60 ரூபாய் தனி. நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழகுக்கென்று சலங்கை கோத்துத் தருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள், ராத்திரி முழுக்க நாயும் தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீர்கள்.

நனைந்தால் நிழலில் உலர்த்தி விளக்கெண்ணெய் தடவ வேண்டும், இல்லையென்றால் தோல் விறைத்துப்போகும். குட்டிக்கு இப்போதே தைப்பது வீண் செலவு. நன்றாக வளர்ந்த பிறகு நாயைக் கையோடு கூட்டிப்போய் அளவு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.