கீமோவில் மாதவிடாய் நின்றுவிட்டதா? லெட்ரோசோல் சீட்டோடு அப்படியே கிளம்பிவிடாதீர்கள்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து, "இனி அஞ்சு வருஷம் ஹார்மோன் மாத்திரை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 50 வயதைத் தாண்டாதவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வயது 43 என்று வையுங்கள். கீமோ மூன்றாவது சுற்றிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. "பீரியட்ஸ் வருதாம்மா?" "இல்லைங்க டாக்டர்." "சரி, லெட்ரோசோல் எழுதித் தர்றேன்." அவ்வளவுதான் விசாரணை. ரத்தப் பரிசோதனை கிடையாது. எட்டு மாதம் கழித்து ஒருநாள் உதிரம் படுகிறது. கீமோவில் அசந்து கிடந்த சினைப்பை விழித்துக்கொண்டது. அது எப்போது விழித்தது, எத்தனை மாதம் மாத்திரை வீணாக உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி. மூன்றும் ஒரே குடும்பம், அரோமடேஸ் தடுப்பான்கள். மாதவிடாய் நிரந்தரமாக நின்ற உடம்பில் கொழுப்பும் தசையும் தயாரிக்கும் கொஞ்ச ஈஸ்ட்ரோஜனை இவை அடைத்துவிடும். சினைப்பை வேலை செய்யும் உடம்பிலோ கதை தலைகீழ். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனைக் கூட்டி, சினைப்பையைத் தார்க்குச்சி போட்டுக் கிளப்பும். குழந்தையின்மை சிகிச்சையில் கருமுட்டை வளர ஐந்து நாள் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தான். ஆகவே சினைப்பையைச் சோதிக்காமல் இதை மட்டும் கொடுத்தால் ஈஸ்ட்ரோஜன் கூடி, அதை நம்பி வளரும் புற்றுநோய்க்குத் தீனி போவதோடு, கர்ப்பம் தரிக்கும் ஆபத்தும் உண்டு. கருத்தடையும் ஹார்மோன் இல்லாததாக இருக்க வேண்டும்: காப்பர் டி, ஆணுறை.

'நின்றுவிட்டது' என்று எப்போது சொல்லலாம்? இரண்டு சினைப்பைகளையும் அகற்றியிருந்தால் சொல்லலாம். வயது 60 ஆகியிருந்தால் சொல்லலாம். அதற்குக் கீழே என்றால், கீமோவோ தமொக்சிஃபெனோ சினைப்பையை அடக்கும் ஊசியோ இல்லாமல் 12 மாதம் வராமல் இருந்து, ரத்தத்தில் எஸ்ட்ராடியாலும் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) எஃப்.எஸ்.ஹெச்சும் மாதவிடாய் நின்றவர்களுக்குரிய அளவுக்கு வந்திருக்க வேண்டும். கீமோவால் நின்றது இந்தக் கணக்கில் சேராது. ஒரு முறை பார்த்த ரத்த அறிக்கையும் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இன்னொரு வம்பு: வழக்கமான லேப் முறையில் மிகக் குறைந்த எஸ்ட்ராடியால் சரியாகப் பிடிபடாது. எக்ஸிமெஸ்டேன் சாப்பிடுபவருக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற இன்னொரு ஹார்மோன் எதிர்ப்பு ஊசி போடுபவருக்கும் அளவு பொய்யாகக் கூடித் தெரியலாம். இன்னும் துல்லியமான மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்து தருவார்களா என்று கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள்.

அப்படியானால் இளவயதுக்காரர்களுக்கு என்ன வழி? தமொக்சிஃபென் 20 மி.கி., தினம் ஒன்று. இது ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தையே மறித்துக்கொள்வதால் சினைப்பை ஓடினாலும் வேலை செய்யும். நோய் திரும்பும் வாய்ப்பு குறைவாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இது ஒன்றே போதும். வாய்ப்பு அதிகம் என்றால், முக்கியமாகக் கீமோ தேவைப்பட்டவர்களுக்கும் 35 வயதுக்குக் கீழானவர்களுக்கும், சினைப்பையை அடக்குவதில் கூடுதல் பலன் இருப்பதை சாஃப்ட், டெக்ஸ்ட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அரோமடேஸ் தடுப்பானைச் சேர்ப்பதென்றால் அந்த அடக்குதலோடு மட்டுமே.

சினைப்பையை அடக்கும் ஊசியிலும் ஏமாறலாம். கோசரலின் 3.6 மி.கி. என்பது அரிசிமணி போன்ற ஒரு துண்டு. தடித்த ஊசியால் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். கணக்கு 28 நாள். "மாசம் ஒண்ணு" என்று சீட்டில் எழுதினால் 31 ஆகும், விடுமுறை வந்தால் 36 ஆகும். தமொக்சிஃபெனோடு இருப்பவருக்கு இதில் நஷ்டம் குறைவு. லெட்ரோசோலோடு இருப்பவருக்கு ஊசி தள்ளிப்போனால் பிடிமானமே போகிறது. அடுத்த தேதியை 28 நாள் எண்ணி நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். உரிய நாளில் போட்டாலும் சிலருக்கு, அதிலும் இளவயதில், சினைப்பை முழுதாக அடங்குவதில்லை. எஸ்ட்ராடியாலை அவ்வப்போது பார்க்கச் சொல்வது அதனால்தான்.

மருந்துக்கடையில் "தமொக்சிஃபென் ஸ்டாக் இல்லை, இதுவும் அதே ஹார்மோன் மாத்திரைதான்" என்று அனஸ்ட்ரோசோலை நீட்டினால் வாங்காதீர்கள். கம்பெனி மாறலாம், மருந்தின் பெயர் மாறக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதிலும் லாபமில்லை. அட்டாக் என்ற பெரிய ஆய்வில் சேர்த்துக் கொடுத்தது தமொக்சிஃபெனை மட்டும் கொடுத்ததைவிட ஒன்றும் மேலாக இல்லை.

உடம்பு அனல் அடிக்கிறது, தூக்கம் இல்லை என்று வேறொரு மருத்துவரிடம் போய் பராக்ஸெடினோ ஃப்ளூவாக்ஸெடினோ (மனச்சோர்வு மாத்திரைகள்) வாங்கி வருவதும் நடக்கிறது. கல்லீரலில் தமொக்சிஃபெனை வீரியமுள்ள எண்டாக்ஸிஃபெனாக மாற்றும் நொதியை இவை முடக்கிவிடும். அதே வகையில் வென்லாஃபாக்ஸின் என்ற மாத்திரையில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. எந்த மருத்துவரிடம் போனாலும் தமொக்சிஃபென் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஏற்கெனவே பராக்ஸெடின் சாப்பிடுபவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அரோமடேஸ் தடுப்பான் தொடங்கும்போதே டெக்ஸா எலும்பு ஸ்கேன் எடுக்காமல் விட்டால், பிற்பாடு எலும்பு எவ்வளவு தேய்ந்தது என்று ஒப்பிட ஆதாரம் இருக்காது.

லெட்ரோசோல் சாப்பிடும்போது உதிரம் பட்டால், ஒரு துளியானாலும், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். கர்ப்பப் பரிசோதனை, எஸ்ட்ராடியால், எஃப்.எஸ்.ஹெச். மூன்றையும் அந்த வாரமே கேளுங்கள். தமொக்சிஃபெனுக்கு மாற்றுவதா, ஊசி சேர்ப்பதா என்று புற்றுநோய் மருத்துவர் முடிவெடுக்கட்டும். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார வேண்டாம். உதிரம் படவில்லை என்பதற்காக நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள், மாதவிடாய் வராமலே சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பது உண்டு.